டிவி காமெடி எந்தப் பக்கம் நிற்கிறது? ஒரு எபிசோடைப் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம். கீழே விசைத்தறி. ஞாயிறு மதியம்தான் அது ஓயும், அதனால்தான் அந்த நேரம். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஏதாவது ஒரு டிவி காமெடியில் ஒரு எபிசோடைப் பார்ப்போம். அது சாதியைத் தொட்டாலும் சரி, வரதட்சணை, லஞ்சம், தேர்தலைத் தொட்டாலும் சரி, கடைசியில் யார் பக்கம் நிற்கிறது என்று எழுதிப் பார்ப்போம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். பாத்திரம் பேசிய ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு "இதுதான் இந்தத் தொடரோட அரசியல்" என்கிறார்கள். வசனம் எல்லாப் பக்கமும் பேசும். தொடரின் பக்கம் தெரிவது இரண்டு இடத்தில்: சிரிப்பு யார்மேல் விழுகிறது, முடிவில் நஷ்டம் யாருக்கு. கீழே உள்ள வரிசை அந்த இரண்டையும் பிடிப்பதற்காக நாங்கள் தட்டுத்தடுமாறி அமைத்துக்கொண்டது. படியை மாற்றிப்போட்டால் எங்கே கெடுகிறது என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. கையில் என்ன வேண்டும்

முதலில் முழு எபிசோட். போனில் வரும் ஒரு நிமிடத் துண்டு உதவாது. துண்டு வெட்டுகிறவர் சிரிப்பு வரும் இடத்தோடு நிறுத்திவிடுவார். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தது யார் என்பது அடுத்த காட்சியில்தான் வரும்.

அடுத்தது, ஒரு லாங் சைஸ் நோட்டு. பக்கத்தைக் குறுக்கே திருப்பி ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், சொன்னவர், யார்மேல், எதை வைத்து, பிறகு என்ன ஆச்சு. நீலப் பேனா ஒன்று, சிவப்பு ஒன்று. நீலம் முதல் பார்வைக்கு, சிவப்பு இரண்டாவதுக்கு. ஒரே நிறத்தில் எழுதினால் எது அப்போதே தோன்றியது, எது யோசித்துச் சேர்த்தது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

நேரம் இரண்டரை மணி. அரை மணி நேர காமெடி என்றால் விளம்பரம் போக 22 நிமிடம் சுமாராக மிஞ்சும். அதற்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று எல்லாரும் கேட்பார்கள். முதல் தடவை மூன்று மணி கூட ஆகும்.

கடைசியாக, கூட உட்கார ஒருவர். உங்களைப் போலவே வளராத ஒருவராக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் சூரமங்கலத்து ரயில்வே ஓய்வூதியர் ஒருவரும், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தியும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தது மிகக் குறைவு. அதுதான் எங்களுக்குச் சொத்து.

2. எந்த எபிசோடை எடுப்பது

பேர்போன எபிசோடை எடுக்காதீர்கள். மகளிர் தினத்துக்கு என்று எடுத்தது, சர்ச்சையானது, விருது வாங்கியது, எதுவும் முதலில் வேண்டாம். அந்த மாதிரி நாளில் தொடர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்கும். பிரச்சினையைப் பேசப் போகிறோம் என்று தெரிந்தே ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டிருப்பார்கள்.

சாதாரண வாரத்து எபிசோடை எடுங்கள். கதை வேறு எதையோ பற்றி இருக்க, வேலைக்காரம்மா சம்பளம் கேட்கிற ஒரு காட்சி நடுவில் வந்து போகும். அங்கேதான் தொடர் அசந்திருக்கும். கை பழகிய பிறகு இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம்: பிரச்சினையே கதையாக இருப்பது ஒன்று, பிரச்சினை வழியில் எதிர்ப்படுவது ஒன்று. இரண்டும் முரண்பட்டால் நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

உயிராக நேசிக்கும் தொடரையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே பேப்பர் திருத்துகிற கதையாகிவிடும்.

3. பக்கத்தின் தலையில் தேதியும் இடமும்

பார்க்கத் தொடங்கும் முன், முதல் ஒளிபரப்பு எந்த ஆண்டு, எந்த நாடு, எந்த சேனல், என்ன நேரம் என்று தலையில் எழுதுங்கள். சேனலின் முதலாளி யார் என்பதற்கு ஒரு வரி காலியாக விடுங்கள். அதை இப்போது நிரப்பக் கூடாது. காரணம் ஒன்பதாவது படியில்.

தேதி ஏன் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் 'மாட்' என்ற காமெடி. 1972 நவம்பரில் இரண்டு பாகமாக வந்த கதையில், 47 வயது நாயகி கருவுறுகிறாள், கலைத்துவிட முடிவெடுக்கிறாள். கதை நடப்பது நியூயார்க் மாநிலத்தில். அங்கே 1970லேயே கருக்கலைப்பு சட்டப்படி செல்லும். நாடு முழுவதற்குமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 1973 ஜனவரியில், அதாவது எபிசோட் வந்து இரண்டு மாதம் கழித்து. முதல் ஒளிபரப்பை ஓரிரு உள்ளூர் நிலையங்கள்தான் மறுத்தன. அதே எபிசோடை 1973 ஆகஸ்டில் மறுபடி போட்டபோது பல நிலையங்கள் மறுத்தன, விளம்பரதாரர்கள் விலகினார்கள். ஒரு வசனம்கூட மாறவில்லை. மாறியது வெளியே இருந்த நாடு.

தேதி எழுதாதவர் இன்றைய கண்ணோடு பார்த்து "இதுல என்ன பெரிய துணிச்சல்?" என்பார், இல்லாவிட்டால் நாற்பது வருஷப் பழைய தொடரை இன்றைய சொல் தெரியவில்லை என்று அடிப்பார். இரண்டையும் எங்கள் மாடியில் கேட்டாயிற்று.

இடமும் அப்படித்தான். ஜஸ்பால் பட்டியின் 'ஃப்ளாப் ஷோ' 1989ல் தூர்தர்ஷனில் வந்தது. ஒப்பந்தக்காரர், மருத்துவர், தொலைபேசித் துறை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கூட்டத்தைக் கலாய்த்து, அந்த எபிசோடை அந்தக் கூட்டத்துக்கே சமர்ப்பணம் செய்வார்கள். அரசாங்கத்தின் சொந்த சேனலில், வேறு சேனலே வீட்டில் தெரியாத காலத்தில் இது நடந்தது என்று தலையில் எழுதிவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சிரிப்பும் வேறு எடையில் விழும்.

4. முதல் பார்வை: சிரிப்பை மட்டும் குறியுங்கள்

நீலப் பேனா. நிறுத்தாமல் ஓட விடுங்கள். சிரிப்பு வந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். நல்லது, கெட்டது, முற்போக்கு, பிற்போக்கு எதுவும் வேண்டாம்.

சிரிப்பு என்றால் யார் சிரிப்பு? இரண்டையும் தனித்தனியாக: தொடர் சிரிக்கச் சொல்லும் இடத்துக்கு ஒரு புள்ளி, நீங்கள் நிஜமாகவே சிரித்த இடத்துக்கு ஒரு டிக். தொடர் சிரிக்கச் சொல்வதை நம்மூரில் பெரும்பாலும் பதிவுசெய்த சிரிப்பொலியோ, 'டொய்ங்' என்று ஒரு சத்தமோ, முகத்தை மூன்று முறை காட்டும் வெட்டோ காட்டிக்கொடுத்துவிடும்.

புள்ளி இருந்து டிக் இல்லாத இடம், டிக் இருந்து புள்ளி இல்லாத இடம், இந்த இரண்டும்தான் பின்னால் நிறையச் சொல்லும். அமெரிக்கத் தொடரான 'மாஷ்' கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவமனையில் நடப்பது. 1972ல் தொடங்கி 1983 வரை ஓடியது. அந்தப் போர் நடந்ததோ மூன்று வருஷம்தான். தொடங்கிய காலம் வியட்நாம் போர்க்காலம் என்பதால் பார்த்தவர்களுக்கு எந்தப் போர் என்பது புரிந்தது. சிரிப்பொலி கட்டாயம் வேண்டும் என்றது சேனல். எடுத்தவர்கள் மல்லுக்கட்டி, அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதாவது, எங்கே சிரிக்கக் கூடாது என்பதும் ஒரு அரசியல் முடிவு. உங்கள் எபிசோடில் சிரிப்பொலி எங்கே நிற்கிறது என்பதையும் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள்.

இந்தப் படியை ஏன் முதலில் வைக்கிறோம்? கதை முழுக்கத் தெரிந்த பிறகு மனசு வக்கீலாகிவிடும். "அந்த இடத்துல நான் சிரிச்சது கிண்டலா இல்லீங்க, பாவப்பட்டுத்தான்" என்று வாதாடும். முதல் சிரிப்பு வாதாடாது. எங்கள் கூட்டத்துப் பெண் ஒருமுறை ஒரு கறுப்பான பெண்ணைப் பற்றிய நகைச்சுவைக்குத் தான் சிரித்ததற்கு டிக் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அழிக்கப் போனாள். அழிக்க வேண்டாம் என்று தடுத்தோம். அந்த டிக் இல்லாவிட்டால் அந்த நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

5. இரண்டாம் பார்வை: சிரிப்பு யார்மேல்

வேலை முழுக்க இந்தப் படியில்தான். அவசரப்படாதீர்கள்.

சிவப்புப் பேனா. ஒவ்வொரு நீலக் குறியிலும் நிறுத்தி மூன்று கட்டத்தை நிரப்புங்கள். சொன்னவர் யார். யார்மேல் விழுந்தது. எதை வைத்து: உடம்பா, பேச்சா, தொழிலா, பணமா, இல்லை அவர் செய்த காரியமா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஒருவர் செய்த காரியத்தை வைத்துச் சிரிப்பதும், அவர் இன்னாராகப் பிறந்ததை வைத்துச் சிரிப்பதும் ஒரே கட்டத்தில் விழக் கூடாது.

புதியவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்வது: சிரிக்க வைக்கிறவரும் சிரிக்கப்படுகிறவரும். சமையற்கட்டிலிருந்து ஒரு எதிர்ப்பேச்சு பறந்து வந்து வீட்டுக்காரர் வாயடைத்தால் சிரிக்க வைத்தவர் சமையல்காரம்மா, சிரிக்கப்பட்டவர் வீட்டுக்காரர். அதே அம்மா தட்டுத்தடுமாறி விழுந்தால் இரண்டும் அவரே. "அந்தம்மாவுக்கு நிறைய சீன் இருக்குதுங்க" என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

இதைப் பழக நாங்களே ஏழு பக்கத்துக்கு ஒரு பயிற்சிக் கதை எழுதி வைத்திருக்கிறோம். நடப்பது ஏற்காடு ஒண்டிக்கடையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு எவர்சில்வர் டம்ளரிலும், காபி பறிக்க வரும் கிழவிக்குப் பேப்பர் கப்பிலும் ஊற்றுகிறார். கேட்டால் "சுத்தம்ங்க, சுகாதாரம்" என்கிறார். இரட்டைக் குவளை என்ற சொல் கதையில் எங்கேயும் வராது. இதை இரண்டு விதமாக எழுதினோம்.

முதல் விதத்தில் ஒன்பது சிரிப்பு. கிழவி கையில் கப் நசுங்கிச் சேலையில் காபி கொட்டுகிறது. குடித்த கப்பைக் கழுவித் தரட்டுமா என்று கேட்கிறாள். பத்திரமாக மடித்து இடுப்பில் செருகுகிறாள். இப்படி ஐந்து. மீதி நான்கு ரைட்டருக்கும் கடைக்காரருக்கும் பாதிப் பாதி. முடிவில் ரைட்டர் எழுந்து "எல்லார் ரத்தமும் சிவப்புத்தான்" என்று ஒன்றரை நிமிடம் பேச, கடைக்காரர் கண்கலங்கி டம்ளரை எடுத்துக் கிழவி கையில் கொடுக்கிறார். அவள் "நல்லா இருக்கணும் சாமி" என்று கும்பிடுகிறாள்.

இரண்டாவது விதம். மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் மேலே வரவில்லை. பேப்பர் கப் தீர்ந்துவிட்டது. இருக்கிறது டம்ளர் மட்டும். கடைக்காரர் இப்போது ஒவ்வொருவருக்கும் புதுப்புது விதி கண்டுபிடிக்க வேண்டும். சரியான சில்லறை தருகிறவருக்கு மட்டும்தான் டம்ளர் என்கிறார். கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சரியான சில்லறையை எண்ணி வைக்கிறாள். ரைட்டரிடம் இருப்பது ஒரே ஐந்நூறு ரூபாய்த் தாள். "எனக்கு எதுல ஊத்துவீங்க?" என்று ரைட்டர் கேட்க, கடைக்காரர் மூலையில் கிடக்கும் கொட்டாங்கச்சியைப் பார்க்கிறார். ரைட்டரும் பார்க்கிறார். வசனம் இல்லை. "டம்ளர் எங்க தம்பி?" என்கிறாள் கிழவி. இதிலும் ஒன்பது சிரிப்பு: ஆறு கடைக்காரர்மேல், மூன்று ரைட்டர்மேல். கிழவிமேல் ஒன்றுமில்லை, ஆனால் நாலு சிரிப்பு அவள் வாயிலிருந்து வந்தது.

முதல் விதத்தைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை 'முற்போக்கு' என்றுதான் எழுதினார்கள். பேச்சு அவ்வளவு அழகு. ரயில்வேக்காரர்தான் உடைத்தார்: "அட்வைஸ எடுத்துட்டா என்னங்க மிச்சம்? கிழவி சேலைல காப்பி." கட்டத்தைப் பார்த்தால் அதுதான் இருந்தது. 'சாமி' என்பது 'தம்பி' ஆனதையும் யாரும் முதலில் கவனிக்கவில்லை. விளிக்கிற சொல்லை எப்போதும் 'சொன்னவர்' கட்டத்தில் சேர்த்து எழுதுங்கள். யார் யாரை நீ, நீங்க, வாங்க, போடா என்கிறார்கள் என்பதைப் பத்து நிமிடம் குறித்தாலே பாதி வீட்டுக் காமெடிகளின் அதிகார வரிசை வந்துவிடும்.

6. கடைசி இரண்டு நிமிடத்தை மறைத்துப் பாருங்கள்

இந்தக் கதையிலிருந்தே வருகிற படி. எபிசோடின் முடிவில் அறிவுரைக் காட்சி இருந்தால் கையால் மூடிவிட்டு, மிச்சம் இருக்கும் 20 நிமிடத்துக்கு மட்டும் கட்டத்தைக் கூட்டுங்கள். பிறகு அறிவுரையைச் சேர்த்துக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே திசையில் போனால் அறிவுரை நேர்மையானது. எதிரெதிராகப் போனால், 20 நிமிடம் சிரித்த பாவத்துக்கு ஒரு நிமிடம் பரிகாரம் செய்கிறார்கள் என்று பொருள்.

கூடவே 'பிறகு என்ன ஆச்சு' கட்டத்தையும் இப்போது நிரப்புங்கள். சிரிப்புக்குப் பிறகு யாருக்கு வேலை போனது, யார் பணம் இழந்தார், யார் மன்னிப்புக் கேட்டார், யார் ஒன்றும் இழக்காமல் அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்கார்கிறார். வரதட்சணையை எதிர்த்து முழங்கிய எபிசோடில் கடைசியில் பெண்ணின் அப்பாவே கடன் வாங்கி விருந்து வைத்து முடிகிறது என்றால், அந்தக் கடன்தான் தொடரின் பதில்.

7. பாத்திரத்தின் வாய் வேறு, தொடரின் வாய் வேறு

ஐந்தாம் படியைச் செய்யாமல் இங்கே வரக் கூடாது. வந்தால் சண்டைதான் வரும், எங்களுக்கு வந்திருக்கிறது.

மோசமாகப் பேசுகிற ஒரு பாத்திரத்தைத் தொடர் ஆதரிக்கிறதா, அம்பலப்படுத்துகிறதா? இதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டுவது 1971 முதல் 1979 வரை வந்த அமெரிக்கத் தொடர் 'ஆல் இன் த ஃபேமிலி'. அதில் ஆர்ச்சி பங்கர் என்கிற தொழிலாளி, கறுப்பர்களையும் யூதர்களையும் பெண்களையும் வாய்க்கு வந்தபடி பேசுவார். மருமகன் மைக் எதிர்த்து வாதாடுவான். ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்க வைக்கத்தான் தயாரிப்பாளர் நார்மன் லியர் அவரைப் படைத்தார். ஆனால் நீல் விட்மார், மில்டன் ரோகீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974ல் வெளியிட்ட ஆய்வில் வேறொன்று தெரிந்தது: ஏற்கெனவே இன வெறுப்பு உள்ளவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். ஜெயிப்பது அவர்தான் என்றும் அவர்களுக்குத் தோன்றியது.

ஆகவே இந்தப் படியில் இரண்டு வரி எழுதுங்கள், ஒன்றாக்காதீர்கள். கட்டத்தின்படி, எடுத்தவர் சிரிப்பை யார்மேல் விழ வைக்கிறார் என்பது முதல் வரி. இந்த அறையில் யார் எந்தப் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள் என்பது இரண்டாவது. மோசமான பாத்திரத்துக்கு எல்லா நல்ல பஞ்ச் வசனமும் கொடுத்துவிட்டு, எதிர்க்கிறவனுக்குச் சலிப்பான வசனம் எழுதியிருந்தால், நோக்கம் எதுவானாலும் ஜனம் பஞ்ச் வசனத்தின் பக்கம்தான் போகும். இதில் நான் ஆய்வாளரைவிடக் கொஞ்சம் கடுமை: நல்லவனை அறுவையாக எழுதுவது எழுத்தாளரின் சோம்பல். அதைப் பார்வையாளர்மேல் போடக் கூடாது.

அடுத்த வழுக்கல், எல்லாரையும் கலாய்க்கும் தொடர் நடுநிலை என்று நினைப்பது. பிரிட்டனின் 'யெஸ் மினிஸ்டர்' அமைச்சரின் கட்சியைக் கடைசிவரை சொல்லவே இல்லை. கலாய்த்தது அமைச்சரையும் அதிகாரியையும். அந்த நாட்டுப் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு அது மிகப் பிடித்த தொடர். 1984ல் அந்த நடிகர்களோடு ஒரு குட்டி நாடகத்திலேயே நடித்தார். அரசாங்க இயந்திரம் மக்களுக்காக ஓடவில்லை, தனக்காக ஓடுகிறது என்ற சிரிப்பு, அரசாங்கத்தைச் சுருக்க வேண்டும் என்கிற தலைவருக்கு இனிக்காமல் இருக்குமா? கட்சி இல்லாத சிரிப்புக்கும் பக்கம் உண்டு. யார் கைதட்டுகிறார்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

8. சட்டத்துக்குள் வராதவர்கள்

சட்டம் என்றால் திரைச் சட்டம். இந்தக் கதை நடக்கும் தெருவில் நிஜத்தில் யாரெல்லாம் இருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு எபிசோடில் வந்தவர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுகிறவர்கள்தான் தொடர் பார்க்காதவர்கள். இதைத் தனியாகச் செய்தால் வராது. கூட உட்காரும் ஆள் எதற்கு என்பது இங்கேதான் புரியும்.

தமிழ் வீட்டுக் காமெடிகளில் சாதிப் பெயர் வாயில் வராது. ஆனால் நெற்றி, சமையல், பேச்சு மூன்றும் சொல்லிவிடும். அதிலும் பேச்சு. ஏழை என்றால் மெட்ராஸ் பாஷை. அப்பாவி என்றால் கொங்குப் பேச்சு, அதுவும் 'ஏனுங்க' ஒன்றையே எல்லார் வாயிலும் ஒட்டிவிடுவார்கள். சேலத்துக்காரன், கோயம்புத்தூர்க்காரன், ஈரோட்டுக்காரன் எல்லாம் அவர்களுக்கு ஒரே ஆள். எங்கள் ஊர்ப் பேச்சை ஒரு தொடராவது சரியாகப் பேசினால் தட்டுவடை செட் வாங்கித் தருவதாக நான் போட்ட பந்தயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கென்றே ஒரு சோதனை உண்டு. இங்கே பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவார்கள், தமிழ் பேசுகிறவர்கள். கேரளத்து மலையாளிக்கும் அவர்களுக்கும் பெயர்தான் ஒன்று. ஏற்காட்டில் நடக்கும் காட்சி என்றால் இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்து ஒரு சிலேடை போடத் தோன்றும். போட்ட பிறகு அந்த மக்களில் ஒருவராவது பேசும் பாத்திரமாக வருகிறாரா என்று பாருங்கள். பெயர் சிரிப்புக்கு வந்து, ஆள் வராமல் போனால், சிவப்பில் வட்டம்.

சட்டப் புத்தகமும் இதைப் பேசுகிறது. 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில் ஆறாவது விதி நிகழ்ச்சிகளுக்கான நெறி. ஒரு இனத்தையோ மொழியினரையோ வட்டாரத்தாரையோ அவதூறாக, ஏளனமாகக் காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த வரி கேட்கும் அளவுக்கு நடந்துகொண்டால் பாதிக் காமெடி வசனம் தேறாது. அதனால் 'விதி மீறல்' என்று உங்கள் குறிப்பில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எது புண்படுத்துகிறது, எது விதியின் அகலத்தில் மாட்டுகிறது என்று பிரித்து எழுதுங்கள்.

9. முதலாளியைக் கடைசியில் பாருங்கள்

இப்போது அந்தக் காலி வரியை நிரப்பலாம். தமிழ்நாட்டில் இது ரகசியமே இல்லை. 1993ல் தொடங்கிய சன் டிவி மாறன் குடும்பத்துடையது. 1999ல் வந்த ஜெயா டிவி யார் பேரில் என்று பேரே சொல்லும். 2007ல் வந்த கலைஞர் டிவியும் அப்படித்தான்.

இது முதல் படியாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு சிரிப்பிலும் முதலாளி முகம்தான் தெரியும். மாமியார் வழுக்கி விழுந்தாலும் அது எதிர்க்கட்சித் தலைவர் என்பார்கள். கட்டம் நிரம்பிய பிறகு கேள்வி சின்னதாகிவிடும்: இந்த முதலாளி யாரென்று தெரிந்தது, என் கட்டத்தில் எந்த வரியையாவது விளக்குகிறதா? பெரும்பாலும் இருப்பதை விளக்காது, இல்லாததைத்தான் விளக்கும். எல்லாத் தலைவரையும் மிமிக்ரி செய்யும் நிகழ்ச்சி எந்த ஒரு குரலை மட்டும் தொடுவதில்லை என்று நாலு எபிசோட் தொடர்ந்து எண்ணுங்கள். ஒரே எபிசோடை வைத்துச் சொல்லாதீர்கள், அன்றைக்கு அந்த மிமிக்ரிக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம்.

விளம்பரத்தையும் இங்கேயே எழுதிவிடுங்கள். சிவப்பழகு கிரீம் விளம்பரத்துக்கு நடுவே நிறத்தைப் பற்றிய நல்ல எபிசோட் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

10. எழுதும் வரிசை

இருநூறு பக்க ஆய்வு வேண்டாம், எழுநூறு சொல் போதும். ஒரு காட்சியில் தொடங்குங்கள், அதுவும் பார்க்காதவருக்குப் புரியும்படி. பிறகு எண்ணிக்கை: மொத்தம் எத்தனை சிரிப்பு, யார்மேல் எத்தனை. பிறகு தேதியும் இடமும். பிறகுதான் உங்கள் தீர்ப்பு.

தீர்ப்பை முதல் வரியில் போடுகிறவர்கள் பிறகு ஆதாரத்தைத் தீர்ப்புக்கேற்றபடி வெட்டுவார்கள். எங்கள் கல்லூரிப் பெண்ணின் முதல் குறிப்பு "இது ஒரு பிற்போக்குத் தொடர்" என்று தொடங்கியது. கட்டத்தைக் காட்டச் சொன்னோம். பதினான்கு சிரிப்பில் பத்து மாமனார்மேல்.

"அப்ப என் எரிச்சல் பொய்யாண்ணா?" என்று கேட்டாள்.

பொய் இல்லை. மீதி நான்கும் மருமகளின் உடம்பை வைத்து வந்தவை, நான்குக்கும் சிரிப்பொலி மற்றதைவிடச் சத்தம். அதை எழுதச் சொன்னோம். அந்தக் குறிப்புதான் இதுவரை எங்கள் நோட்டில் இருப்பதில் நல்லது.

உங்களுக்கு எதிரான ஒரு வரியும் குறிப்பில் இருக்க வேண்டும். உங்கள் தீர்ப்போடு ஒத்துப்போகாத ஒரு சிரிப்பாவது கட்டத்தில் கட்டாயம் இருக்கும். இல்லை என்றால் இரண்டாம் பார்வையில் தூங்கியிருக்கிறீர்கள்.

11. சிரிப்பு விழுந்தவரிடம் காட்டுங்கள்

எழுதி முடித்ததும், எபிசோடில் யார்மேல் சிரிப்பு விழுந்ததோ அந்த மாதிரி வாழ்க்கை உள்ள ஒருவருக்கு எபிசோடையும் குறிப்பையும் காட்டுங்கள். குறிப்பைப் படித்துக் காட்டி "சரிதானே?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். எபிசோடை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எங்கே சிரிக்கிறார், எங்கே வாய் மூடுகிறார் என்று பாருங்கள். குறிப்பு அதற்கப்புறம்.

எங்கள் டீக்கடைக் கதையின் இரண்டு விதத்தையும் ஏற்காட்டில் பல வருஷம் காபி பறித்த ஒரு அம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். முதல் விதத்தில் கப் நசுங்கும் இடத்துக்கு அவர் சிரிக்கவில்லை. புண்பட்டுவிட்டார் என்று நாங்கள் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தோம்.

"அதில்லீங்க," என்றார். "சூடா வாங்கறப்போ நாங்க ரெண்டு கப்பு சேர்த்துத்தானே கேட்டு வாங்குவோம். ஒத்தக் கப்புல எவ வாங்குவா?"

இரண்டாவது விதத்தில் கொட்டாங்கச்சியைப் பார்க்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அது எதனால் என்று நாங்களும் கேட்கவில்லை.

அன்றைக்கு மலையிறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தோம். கப் நசுங்கும் வரியில் 'எதை வைத்து' என்ற கட்டத்தில் 'வறுமை' என்று எழுதியிருந்தது. ரயில்வேக்காரர் அதை அடித்துவிட்டுச் சிவப்பில் 'எங்களுக்குத் தெரியாதது' என்று எழுதினார். கொண்டை ஊசி வளைவில் கோணலாகப் போன அந்த எழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது.